வெறும் காதல் பாட்டு

"இந்த மனுசிக்குப் பாட்டும் விளங்கல்ல, மனமும் இல்ல" என்று பத்திரிகையைச் சுருட்டி எறிந்தான் நிரோசன்.

ஸஜாத் அதை எடுத்து மீண்டும் விரித்தான்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம். வினாயகபுரத்து நிரோசன் கிட்டார் வாசித்துப் பாட, மருதமுனை ஸஜாத் ட்ரம்ஸ் அடிக்க, இருவருமாக ஒரு றொக் அல்பம் வெளியிட்டிருந்தார்கள். கல்முனை பஸ்களில் அதுதான் ஓடியது. ரியூசன் பிள்ளைகளின் போன் அடித்தாலும் அதுதான். சுனாமியில் போனவர்களுக்காகப் பாடிய பாட்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல மனப்பாடம்.

கொழும்புப் பத்திரிகை ஒன்று 'ஒரே இரைச்சல்' என்று எழுதியபோது இருவரும் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் றாஹிலா அப்படியல்ல. கல்முனை வாரப் பத்திரிகையில் அவர் இசை விமர்சனம் எழுதினால் ஊரே வாசிக்கும்.

அவரும் புகழ்ந்துதான் இருந்தார். 'இந்தக் கரையிலிருந்து இப்படியொரு இசை வந்ததென்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்' என்றே தொடங்கியிருந்தார். மூன்றாவது பாட்டுக்கு வந்தபோது மட்டும், 'இது வெறும் காதல் பாட்டு. விட்டுப்போன பெண்ணை நினைத்து ஒருவன் புலம்புகிறான், அவ்வளவுதான்' என்று முடித்துவிட்டார்.

அது நிரோசனின் அண்ணனைப் பற்றிய பாட்டு. யுத்த காலத்தில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இன்னும் வரவில்லை. பாட்டில் அண்ணன் என்ற சொல்லே இல்லை. இருந்தும் அம்மா அதை முழுதாகக் கேட்டதில்லை, பாதியில் எழுந்து போய்விடுவார்.

ஸஜாத் வேண்டாம் என்றும் கேளாமல், நிரோசன் அவனையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு றாஹிலாவின் வீட்டுக்குப் போனான்.

வாசலிலேயே தொடங்கிவிட்டான். இவ்வளவு படித்தும் ஒரு பாட்டு விளங்கவில்லையா என்றான். பிள்ளையைத் தேடுகிற ஒரு தாயிடம் போய் இதைக் காதல் பாட்டு என்று சொல்வீர்களா என்றான். ஸஜாத் பிடித்த கையை உதறினான்.

றாஹிலா அவன் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"போன கிழமை சிவில் உடுப்பில ரெண்டு பேர் எங்கட பத்திரிகைக் கந்தோருக்கு வந்தாங்க. கையில உங்கட இறுவட்டு. மூண்டாவது பாட்டில இவன் யாரைத் தேடுறான், இவன்ட வீட்டில யாரும் காணாமப் போயிருக்கா எண்டு கேட்டாங்க."

ஸஜாத்தான் கேட்டான். "நீங்க என்ன சொன்னீங்க மிஸ்?"

"காதல் பாட்டு எண்டன். நம்பல்ல. இந்தக் கிழமை எழுதுவன், வாசிச்சுப் பாருங்க எண்டு சொல்லி அனுப்பினன். இண்டைக்குக் காலையில அவங்களே எனக்குப் போன் எடுத்தாங்க. பொம்பிளைப் பிரச்சினைதானா எண்டு சிரிச்சிட்டு வெச்சிட்டாங்க."

நிரோசன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிமிர்ந்து நில்லுங்க தம்பி" என்றார் றாஹிலா. "அந்த அல்பத்திலயே பெரிய பாட்டு அதுதான். எனக்கு விளங்கின மாதிரி அவங்களுக்கும் விளங்கியிருந்தா, நீங்க இண்டைக்கு என்ட வாசல்ல நிண்டு ஏச மாட்டீங்க."