மலையடிவாரத்து ரசிகர்

"தம்பி, உங்க பாட்டு மட்டும் இல்லேன்னா இந்த வருசம் எங்க குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்குமுங்க" என்று அருள்குமாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார் பெரியண்ணன். அறுபது வயது விவசாயி. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

அருள்குமாருக்குப் புல்லரித்துவிட்டது. கேமராக்காரர் இதைச் சரியாகப் பிடித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். பிடித்திருந்தார். அப்பாடா!

கடத்தூர்ப் பையனான அருள்குமார் ஒரு ராப் பாடகன். அவனுடைய முதல் ஆல்பம் 'தூறல்' வந்த சுவடு தெரியாமல் போனது. கேட்டவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர், அதிலும் பாதி சொந்தக்காரர்கள். இரண்டாவது ஆல்பமான 'எரிமலை'தான் அவனைத் தூக்கி நிறுத்தியது. ஒன்பது பாட்டு, ஒன்பதிலும் தொண்டை கிழியக் கத்தியிருந்தான்.

அதிலும் ஒரு வேடிக்கை. ஆரம்பத்தில் சென்னையில் அதை ஒரு ஈ காக்காய்கூடச் சீந்தவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்து ஊர்களில்தான் கேட்பவர் எண்ணிக்கை எகிறியது. அதைப் பார்த்துச் சென்னைக்காரர்கள் கேட்டார்கள். அவர்களே கேட்கிறார்களே என்று மற்றவர்களும் கேட்டார்கள். 'உழைக்கும் மக்களின் உறங்காத கோபம்' என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள்.

இப்போது மூன்றாவது ஆல்பத்துக்கு ஒப்பந்தம் போட, ஆடியோ கம்பெனி மேனேஜர் யுவராணி பெரியண்ணன் வீட்டு வாசலில் காரில் வந்து இறங்கியிருந்தாள். நிஜமான ரசிகர் ஒருவர் கேமரா முன்னால் நாலு வார்த்தை பேச வேண்டும். பேசி முடித்ததும் அங்கேயே கையெழுத்து.

அது கிடைக்காவிட்டால் அப்பாவின் சிமென்ட் கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அப்பா நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார். காலையிலிருந்து மூன்று தடவை போன் வேறு. "என்னடா, ஆச்சா இல்லியா? லோடு வந்து நிக்குது, சீக்கிரம் சொல்லு!"

"ஐயா, இவரு பாட்ட எப்பல்லாம் கேப்பீங்க?" என்று ஆரம்பித்தாள் யுவராணி.

"ராத்திரி ஒம்போது மணிக்குப் போட்டு வுட்டா விடியற வரைக்கும் ஓடுமுங்க. இங்க எல்லா வூட்டுலயும் அப்படித்தான்."

யுவராணி லேப்டாப்பில் இருந்த கணக்கைப் பார்த்தாள். "ஆமா, கரெக்டா இருக்கு. பகல்ல ஒருத்தர்கூடக் கேக்கலையே?"

"பகல்ல இவங்களுக்கு ஏது மேடம் நேரம்? வேல செய்யற சனம்" என்று ஊருக்கும் சேர்த்துப் பதில் சொன்னான் அருள்குமார்.

"சரி, ராத்திரி பூராவும் கேட்டா தூக்கம்?"

இதற்குப் பெரியண்ணனின் மனைவி கோவிந்தம்மாள் முந்திக்கொண்டாள். "முன்னதாம்மா பொட்டுத் தூக்கம் கெடயாது. இப்பப் பாட்டப் போட்டு வுட்டுட்டு நிம்மதியாத் தூங்கறோம். மவராசன் நல்லா இருக்கோணும்!"

"மனபாரம் எறங்குது மேடம், அதான்" என்றான் அருள்குமார். விமர்சகர்கள்கூட இவ்வளவு ஆழமாக எழுதவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

கேமராக்காரர் சுற்றிலும் ஒரு வட்டம் படமெடுத்தார். ஒரு செடிகூடச் சாயாமல் பச்சைப்பசேலென்று நின்றது மரவள்ளித் தோட்டம். அதன் கடைசியில் ஒரு வேப்பமரம். மரத்தில் பெரிய ஸ்பீக்கர், வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி மலையைப் பார்த்துக் கட்டியிருந்தது.

"ஸ்பீக்கர் ஏன் அந்தப் பக்கம் பாக்குது?" என்றார் கேமராக்காரர்.

பெரியண்ணன் வாயைத் திறப்பதற்குள் அருள்குமார் நெகிழ்ந்துபோனான். "தாங்க மட்டும் கேட்டாப் போதாது, அந்த மலையும் கேக்கட்டும்னு வெச்சிருக்காங்க. வெள்ளந்தி மனுசங்க!"

பெரியண்ணன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பெரிய படிப்புப் படித்த பிள்ளை, ஏதோ சொல்கிறது என்று விட்டுவிட்டார்.

யுவராணிக்குப் பரம திருப்தி. காரின் முன்பக்கத்தில் ஒப்பந்தத்தை விரித்து வைத்துப் பேனாவைத் திறந்தாள். அருள்குமார் அப்பாவின் நம்பரை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டான். அந்தச் சிமென்ட் கடை நாற்காலியில் இனி வேறு யாராவது உட்காரட்டும்!

"ஒரே ஒரு கேள்விங்க ஐயா. எங்க மேலிடத்துல கண்டிப்பாக் கேப்பாங்க" என்று பேனாவைப் பிடித்தபடியே திரும்பினாள் யுவராணி. "இவரோட முதல் ஆல்பம் 'தூறல்', அதுவும் இவரு பாடுனதுதானே? அத ஏன் இந்த ஊர்ல யாருமே கேக்கல?"

இரண்டு வருடமாக மனதை அரிக்கும் கேள்வி அது. அருள்குமாரும் ஆவலாகப் பெரியண்ணன் முகத்தைப் பார்த்தான்.

பெரியண்ணன் தலையைச் சொறிந்தார்.

"அதையும் ஒரு வாரம் போட்டுப் பாத்தமுங்க. காட்டுப்பன்னிங்க நின்னு கேட்டுக்கிட்டே கெழங்கத் தின்னுச்சு, இதுக்குத்தான் ஓடுது!"