கம்ப்யூட்டருக்குப் புத்தி கூடிய நாள்

தியாகராசாவின் குதிரை விழுந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரையில் இருந்த சதுரங்கக் கட்டங்களை மறுபடி பார்த்தார். குதிரை இல்லைதான்.

அவர் மனைவி பூரணம் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் இந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டியை வாங்கிய நாளிலிருந்து அவர் அவளோடு ஆடுவதில்லை. மாலைதோறும் அதை வெல்வார். சுங்கை பூலோவிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்வார். பழைய மரச் சதுரங்கப் பலகை அலமாரியின் மேல் கிடந்தது.

ஆட வாருங்கள் என்று கேட்டு வாங்க அவளுக்கு மனமில்லை. அவராகப் பலகையை எடுக்க வேண்டும். அதற்கு அவர் இந்தப் பெட்டியிடம் ஒருமுறை தோற்க வேண்டும்.

நேற்று சரஸ்வதி பூசை. மாலை போட்ட கம்ப்யூட்டரை அன்று யாரும் தொடக்கூடாது. அவர் ஷா ஆலம் அலுவலகத்துக்குப் போனதும் பூரணம் தொட்டாள்.

பத்திரிகையில் படித்தபடியே பெட்டியைத் திறந்து, வேகத்தைத் தீர்மானிக்கும் உளுந்தளவு ஜம்பரைப் பிடுங்கி இடம் மாற்றினாள். எழுபத்தைந்திலிருந்து ஒரே தாவலில் நூற்றுமுப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸ்.

திரை இருண்டது.

கலைமகளிடமே மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஆசையைக் குறைத்து நூறில் வைத்தாள். ஓடியது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அவர் அதற்குக் கொடுக்கும் அதே பத்து வினாடியில் இனி அது கூடுதலாக யோசிக்கும்.

பெட்டியைத் திறந்தபோது கிழிந்த உத்தரவாத ஸ்டிக்கரின் மேல் தடிப்பாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்தாள். பூசைப் பொட்டை யார் சுரண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

இன்று பெட்டி சூடாகாமலிருக்க மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பியிருந்தாள். தனக்காகத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ராணியும் போயிற்று. பின்னாலேயே ராஜாவும்.

"இஞ்சாரும், பூசையிலை வைச்ச பிறகு இதுக்குப் புத்தி கூடிட்டுது."

இருக்கும் என்றாள் பூரணம்.

அவர் தம்பிக்குப் போன் போடவில்லை. நாற்காலியில் ஏறிப் பலகையை இறக்கித் தூசியை ஊதினார். இப்போது அவருக்கு யாரையாவது வென்றாக வேண்டும். அது அவளுக்குப் புரிந்தது, கோபம் வரவில்லை.

"வாரும், ஒரு ஆட்டம் போடுவம்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சிறிது நேரத்திலேயே அவருடைய ராஜா ஒரு மூலையில் வசமாக மாட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு நகர்த்தல் போதும்.

பூரணம் நெடுநேரம் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, எதற்கும் உதவாத ஒரு சிப்பாயைத் தள்ளிவைத்தாள்.

கடைசியாக அவள் அவரை வென்ற மறுநாள்தான் அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது.