கேட் வாசல் கச்சேரி

“நிறுத்தவே நிறுத்தாத நைனா. இன்னிக்கு ஃபுல்லா வாசி!” என்றார் கோதண்டம்.

ஜேசுராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருஷமாக கிதாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதே இல்லை. மண்ணூர்பேட்டை சர்ச் விழாவில் ஒன்பதாவது நிமிஷமே மைக்கைப் பிடுங்கினார்கள். பூந்தமல்லிக் கல்யாணத்தில் மாப்பிள்ளையே எழுந்து வந்து கும்பிட்டார்.

பாவம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஜேசுராஜின் கிதார் இரும்பு அறுக்கிற ரம்பம் போல அலறும். நடுவில் தங்கை ஹில்டாவின் கீபோர்டு ஜாஸ் பக்கம் உலாத்தப் போய்விடும். நண்பன் கஜபதியின் டிரம்ஸ் நாலு எண்ண வேண்டிய இடத்தில் ஏழு எண்ணும். தாளம் போட வந்தவர்களின் கை பாதியில் நின்றுவிடும்.

இன்று மேடை, அம்பத்தூர் எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் கேட் வாசல். ஜேசுராஜ் லேத் ஓட்டியது அங்கேதான். லாக்-அவுட் ஆகிப் பத்தொன்பது நாள். யூனியன் தலைவர் கோதண்டம் தொண்டை கிழியக் கத்தியும் மேனேஜர் மாடியை விட்டு இறங்கவில்லை. அவர் இறங்கி வந்து பேசினால்தான் கேட் திறக்கும். ஜேசுராஜ் உட்பட இருநூறு பேருக்கு மறுபடி வேலை.

எதிர் டீக்கடையிலிருந்து கரண்ட் இழுத்து ஆரம்பித்தார்கள். முதல் பாட்டு பாதி போவதற்குள், இத்தனை நாளும் மூடியே கிடந்த மேனேஜர் அறை ஜன்னல் திறந்தது.

“பாத்தியா, ஆளுக்கு மூச்சு முட்டுது!” கோதண்டம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “கோஷத்துக்கு அசையாதவன் இதுக்கு அசைவான்னு சொன்னேன்ல? இதுங்க வாசிக்கிறத ஒரு மணி நேரம் எந்த மனுசனும் தாங்க மாட்டான்பா!”

கூட்டமே சிரித்தது. அது ஜேசுராஜ் காதிலும் விழுந்தது.

“அப்ப நம்மள கொசு மருந்து அடிக்கத்தான் இட்டாந்துகீறாங்க.” கஜபதி குச்சிகளைக் கீழே போட்டான். “வா மாமே, ஊட்டுக்குப் போலாம்.”

ஜேசுராஜுக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அப்புறம் கோபம் வந்தது.

“இன்னாத்துக்குப் போணும்? குச்சிய எடு கஜா. எவனுக்கும் புடிக்க வேணாம். ஒரு அடி பிசகாம வாசிக்கிறோம். கேட்டுத்தான் ஆவணும்.”

மூன்றாவது பாட்டு அவன் லேத் முன்னால் நின்று மனசுக்குள்ளேயே கட்டியது. அன்று வாசித்தது போல அதை அவர்கள் என்றுமே வாசித்ததில்லை. வெயிலில் கம்பி விரலைச் சுட்டது. முன்வரிசையில் நாலு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் முகத்துக்கு நேராகவே நின்று வாசித்தான்.

பாட்டு முடிந்தபோது, மேனேஜர் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

கோதண்டத்துக்கு வெற்றிக் களிப்பு. கோரிக்கை மனுவைக் கம்பிக்குள் நீட்டினார். “பேச்சுவார்த்தைக்கு வாங்க சார். நான் ஒரு வார்த்த சொன்னா போதும், இந்த எழவ நிறுத்திடுவாங்க.”

மேனேஜர் மனுவைப் பார்க்கவே இல்லை. ஜேசுராஜைப் பார்த்தார்.

“தம்பி, இப்ப வாசிச்சீங்களே… ஏழு ஏழா போயிட்டு, முடியறப்ப மட்டும் அஞ்சு வருதே. அதை இன்னொரு தடவை வாசிக்க முடியுமா?”

நாலு வருஷத்தில் அந்த அஞ்சை எண்ணிக் கேட்ட ஒரே காது! ஜேசுராஜின் விரல்கள் தாமாகக் கம்பிக்குப் போயின. போன விரல்களை இழுத்துக்கொண்டு, கிதாரைத் தோளிலிருந்து கழற்றினான்.

“கேட்டைத் தெறங்க சார். உள்ள வந்து வாசிக்கிறோம்.”