மூன்றாவது ரொட்டி

கலோஜெரோ என்றால் கிரேக்கத்தில் அழகாக மூப்படைந்தவன் என்று பொருள். சிசிலி மலைக்குகையில் வாழ்ந்த துறவி ஒருவரின் பெயர் அது. அவருடைய திருநாளில், வீட்டிலுள்ள ஒவ்வொரு கலோஜெரோவுக்கும் ஒரு ரொட்டி சுடுவார்கள்.

நுன்சியா வீட்டில் இரண்டு கலோஜெரோக்கள்: மாமனாரும் கொழுந்தனும். இரண்டுக்குத்தான் மாவு பிசைந்தாள். அடுப்பிலிருந்து மூன்று வந்தன. மூன்றாவது உள்ளங்கை அளவுதான் இருந்தது.

தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அங்கே வழக்கம். அவள் பிள்ளை ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்து ஏழு வருடமாகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு திருநாளிலும் இப்படித்தான்.

"மாமா, இந்த வருஷமும் மூணு. நாமதான் பேரே வைக்கலையே?"

கிழவர் தொப்பியைக் கழற்றினார். "நீ மயக்கத்துல கிடந்தேம்மா. நான்தான் அவன் காதுல ஒரு தடவை சொன்னேன். அப்போ மூச்சு இருந்துச்சு."

சின்ன ரொட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு இருவரும் ஊர்வலம் பார்க்கப் போனார்கள்.

திரும்பி வந்தபோது அது கடிக்கப்பட்டிருந்தது. முதல் வருடங்களில் ஈரம் மட்டுமே இருக்கும். பிறகு சிறு பற்கள் பதிந்தன. இந்த முறை கடித்த இடத்தின் நடுவே ஒரு கீற்று கடிபடாமல் நின்றது.

நுன்சியா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"முன்பல்லு விழுந்திருச்சு மாமா."