பயந்தாங்கொள்ளிகள்

பயந்தாங்கொள்ளிகளைக் கண்டாலே முத்துமாரியம்மாளுக்கு இளக்காரம். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவள். வருமான வரிக்காரர் கண்ணில் படாமல் சேர்த்த இருபது லட்சத்தை, துணிந்து ஷேரில் போட்டிருந்தாள். புது மிஷின் வாங்கினால்தான் ஆபீஸ் பிழைக்கும். அதற்கு அவளிடம் இருந்த பணம் அது ஒன்றுதான்.

எல்லாம் நந்தகோபால் மூலமாகத்தான். அவன் தன் பெயரிலேயே ஷேர் வாங்கி வைப்பான். ரசீதும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஊரில் வரிக்குத் தெரியாத பணம் வைத்திருந்த முக்கால்வாசிப் பேர் அவனிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

கொரோனா வந்தது. ஊரடங்கு என்றதும் மார்க்கெட் மடமடவென்று சரிந்தது. நந்தகோபால் ஒவ்வொருவருக்கும் போன் போட்டான். இன்னும் விழும், இப்போதே விற்றால் பாதியாவது தேறும் என்றான். அவளைத் தவிர எல்லாரும் விற்கச் சொன்னார்கள். பாதிப் பணம் வீடு தேடிப் போனது.

ஜவுளிக்கடை சைத்தூன் பீவி போனில் அழாத குறையாகப் பேசினாள். "பாதியாவது கைக்கு வந்துச்சேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன், தங்கச்சி. நீயும் வித்துரு."

"உங்களுக்கு விவரம் பத்தாது, அக்கா. உங்களைப் பயங்காட்டி அடிமாட்டு விலைக்கு அவனே வாங்கிப் போடுதான். நாளைக்கு ஏறட்டும், அவன் கோடீஸ்வரன். நீங்க வாயைப் பொளந்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அன்று மத்தியானமே நந்தகோபால் வந்து நின்றான். கையில் மஞ்சள் பை. வழியில் போலீஸ்காரர் லத்தியால் போட்டதில் முழங்கை வீங்கியிருந்தது.

"உங்க பாதி பத்து லட்சம் இதுல இருக்கு, அக்கா. வாங்கிக்கோங்க."

முத்துமாரியம்மாள் கேட்டைத் திறக்கவில்லை. "அடுத்தவனுக்குத் துட்டு குடுக்க எவனாவது அடி வாங்கிக்கிட்டு வருவானா? என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நான் விக்க மாட்டேன்."

"இன்னும் விழும், அக்கா."

"விழ விடுவாங்களா? அரசாங்கம் வட்டியைக் குறைக்கும், தவணையைத் தள்ளிப் போடும், கம்பெனிக்காரனுக்கு அள்ளிக் குடுக்கும். அந்தத் துட்டெல்லாம் எங்கன போவும்? ஷேருக்குத்தான வரும்."

"கெஞ்சிக் கேக்குதேன். இன்னைக்கு வாங்கிக்கிட்டா எனக்கும் நிம்மதி."

"உன் நிம்மதிக்கு நான் ஏமாறணுமாக்கும். போ, போ."

அவள் சொன்னதுதான் நடந்தது. வட்டி குறைந்தது, தவணை தள்ளிப்போனது, கோடி கோடியாக அறிவிப்பு வந்தது. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. தீக்குச்சி அடுக்கும் பெண்கள் அரிசி வாங்க முன்பணம் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மார்க்கெட் மட்டும் எவருக்கும் நோயே வராத மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. அவள் தினமும் செல்போனில் விலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

தை பிறந்தபோது அவளுடைய இருபது லட்சம் நாற்பதாகியிருந்தது. நந்தகோபால் வீட்டுக்குப் போகிற வழியில் ஜவுளிக்கடைக்குள் வேண்டுமென்றே நுழைந்தாள்.

"பயந்த உங்களுக்குப் பாதி. துணிஞ்ச எனக்கு ரெட்டை," என்றாள். சைத்தூன் பீவி சேலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

நந்தகோபால் இளைத்துப் போயிருந்தான். அடிமாட்டு விலைக்கு எல்லாருடைய ஷேரையும் சுருட்டியவனுக்கு என்ன கவலையோ என்று நினைத்தபடி உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் வித்துரு. மிஷினுக்குச் சொல்லியாச்சு."

"விக்கிறதுக்கு ஷேரு வேணுமே, அக்கா," என்றான் அவன். "யாருக்குமே நான் ஒரு ஷேருகூட வாங்குனதில்லை. எல்லார் துட்டுலயும் பாதியை வீடு கட்டித் தீர்த்துட்டேன். மார்க்கெட்டு பாதியா விழவும்தான் மிச்சத்தை வச்சு எல்லாருக்கும் கணக்கு முடிக்க முடிஞ்சுது. உங்களைத் தவிர."

"அந்த மஞ்சப் பை?"

"இன்னும் விழுந்தா உங்க கணக்கையும் முடிச்சிரலாம்னு, விழும்னே பந்தயம் கட்டி அந்தப் பத்து லட்சத்தோட முதல் தடவையா நிசமா மார்க்கெட்டுல இறங்குனேன்."

நந்தகோபால் முழங்கையைத் தடவிக்கொண்டான். "நீங்க சொன்னதுதான் சரி, அக்கா. ஏறிருச்சு."