ஆட ஆட ஞாபகம் வரும்

மச்சானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பஸ் ஜன்னல் வழியாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வெங்காயத்தைப் பொடியா நறுக்குங்க மாப்பிள்ளை. விறகு பிளக்கற மாதிரி பிளக்காதீங்க."

பஸ் கிளம்பியது. அப்பாடா, விட்டது தொல்லை என்று இருந்தது எனக்கு.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவள் இறந்தபோது வந்தவர், மற்ற எல்லோரும் போன பிறகும் போகவில்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். ஒரு நாள் மெத்தையில் ஏதோ உருண்டு வந்து முதுகில் முட்டியது. பகடை.

"சின்னப்பிள்ளைல என் தங்கச்சி உண்டாக்கின ஆட்டம்" என்றார். "நூறு எடுத்தா ஜெயம். எத்தனை தடவை வேணாலும் உருட்டலாம், எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம். நடுவுல ஒண்ணு விழுந்தா, அந்த முறை சேர்த்தது பூரா போச்சு."

"அவ்வளவுதானா?"

"இன்னும் நிறைய இருக்கு. மறந்துபோச்சு. ஆட ஆட ஞாபகம் வரும்."

வந்தது. நான் ஜெயித்த மறு நிமிஷமே வந்தது.

"ஆங்... ஜெயிச்சவன்தான் சமைக்கணும்."

"இது என்ன மச்சான் அநியாயம்?"

"என்னை ஏன் முறைக்கிறீங்க? அவ போட்ட விதி."

போய்ச் சேர்ந்தவளிடம் யார் போய் அப்பீல் செய்வது? எழுந்து போய் நாலு முட்டையைக் கருக்கினேன். மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஜெயித்தவன் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்க் காய்கறி வாங்கி வரவேண்டும். அப்புறம், ஜெயித்தவன் குளித்துவிட்டு வந்தால்தான் அடுத்த ஆட்டம். அதற்கும் அப்புறம், தோற்றவன் அன்றைக்கு ஊருக்குக் கிளம்பக் கூடாது.

அவரோ தினமும் தோற்றார். நிறுத்தத் தெரியாத மனுஷன். ஒரே முறையில் நாற்பது சேர்த்திருப்பார்.

"போதும் மச்சான், நிறுத்துங்க."

"இன்னும் ஒரே ஒரு உருட்டு."

ஒன்று விழும். "அடடா" என்று சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

மகள் போனில் கேட்டாள். "மாமா இன்னும் கிளம்பலையாப்பா?"

"எங்கே கிளம்பறது? பேராசை பிடிச்சவர்மா. தோத்துத் தோத்து, உட்கார்ந்த இடத்துல சாப்பிடறார். அதுவும் என் கையால."

"நீங்க சமைக்கறீங்களா?"



இருபத்தாறாம் நாள் காலையில் எனக்குப் பசித்தது. ஆட்டம் வரைக்கும் காத்திருக்காமல் நானே போய்ச் சமைத்துவிட்டேன். மச்சான் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். பிறகு பகடையை எடுத்தார். இருபது சேர்ந்ததும் நிறுத்தினார். மறுபடி இருபது, நிறுத்தினார். ஐந்தே முறையில் நூறு.

"ஜெயிச்சுட்டேன். நான் ஊருக்குக் கிளம்பறேன்" என்று பெட்டியை அடுக்க ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் கழித்து, தூக்கத்திலேயே போய்விட்டார். காரியத்துக்குப் போயிருந்தேன். எல்லாம் முடிந்ததும் அவர் மனைவி ஒரு பழைய தாளை என் கையில் வைத்தார்.

"உங்க வீட்டம்மா எழுதினது அண்ணா, பத்து வயசுல. எப்பவும் பர்ஸுலயேதான் வெச்சிருப்பார். உங்க வீட்டுல இருந்தப்பவும் அவர்கிட்டதான் இருந்துச்சு."

தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. கோணல்மாணலான எழுத்தில் மூன்றே விதிகள். எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டலாம். ஒன்று விழுந்தால் சேர்த்தது போச்சு. முதலில் நூறு எடுத்தவருக்கு ஜெயம்.

அதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.