பருந்துக்கு வலிக்காமல்

"பருந்தைச் சுட்டுத் தொலைச்சிடாதீங்கண்ணா. நமக்குன்னு மிச்சம் இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

பக்கத்து மேசையிலிருந்து சத்தம் கிசுகிசுத்தாள். விண்வெளிச் சண்டை விளையாட்டுக்கு வெடி, இடி, இன்ஜின் உறுமல் எல்லாம் பதிவு செய்து கொடுப்பவள் என்பதால் ஆபீசில் அவளுக்கு அந்தப் பெயர். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

அவள் அண்ணா என்றது பூட்டை. எந்தக் கப்பல் எவ்வளவு வேகம் போகும், குண்டு பட்டால் எவ்வளவு சேதம் என்று அந்த விளையாட்டையே வடிவமைத்தவன். யாரையும் நம்பாமல் சாப்பாட்டு டப்பாவுக்கும் பூட்டுப் போடுகிற ஆள்.

"நான் எங்க சுட்டேன்? ஓரமா நிக்கிறேன். அவனே போய்ப் பாறையில முட்டிக்கிறான்," என்றான் பூட்டு.

ஊர் உலகமே இணையத்தில் கூடி அடித்துக்கொள்ளும் என்று நம்பி, வருடக்கணக்காகக் கண் விழித்துச் செய்த விளையாட்டு. வந்தவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். மிஞ்சியது மூன்றே கப்பல்கள். சிவப்பை ஓட்டுவது பூட்டு, மஞ்சளை ஓட்டுவது சத்தம். மூன்றாவது பருந்து, முகம் தெரியாத வாடிக்கையாளர்.

ஆபீஸ் ஆட்கள் யாரும் வாடிக்கையாளர்களோடு ஆடக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். மீறினால் சீட்டுக் கிழியும். ஆனால் ஆட ஆளில்லாமல் பருந்தும் பறந்துவிட்டால் விளையாட்டையே இழுத்து மூடிவிடுவார், அப்போதும் சீட்டுக் கிழியும்.

எப்படியும் கிழியப் போகிற சீட்டு, ஆடியே கிழியட்டும் என்று இரண்டு பேரும் கள்ளப் பெயரில் இறங்கிவிட்டார்கள். ஆடினார்கள் என்று சொல்வதைவிட, தோற்றார்கள் என்று சொல்வதுதான் சரி.

தோற்பதும் லேசான வேலையாக இல்லை. பருந்துக்கு இடப்பக்கம் திரும்பவே வராது. அதற்காகவே பூட்டு இடப்பக்கத்துப் பாறைகளை வாரி விண்வெளியின் மூலையில் கொட்டி வைத்தான். பருந்து தேடிப் போய் அதிலும் முட்டியது. குறியும் தேறவில்லை என்பதால், குண்டு போகிற வழியில் இவர்களே ஓடிப் போய் நின்று வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

"இவ்வளவு கேவலமா ஆடுறவன் எதுக்கு தினம் தினம் வர்றான்? எனக்கென்னவோ போட்டிக் கம்பெனிக்காரன் அனுப்பின ஒற்றன்னுதான் படுது."

"ஒற்றனா இருந்தா கொஞ்சமாவது ஆடத் தெரிஞ்சிருக்கும். பேசாம சாவுங்கண்ணா."

பூட்டு செத்தான். திரையில் பருந்திடமிருந்து செய்தி வந்தது. 'மனசு விட்டுடாதீங்க தம்பி. நல்லாத்தான் ஆடுறீங்க. பழகப் பழக வந்துடும். நாளைக்கும் வாங்க.'

பூட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளாக யாரும் அவனை நல்லா செய்றே என்று சொன்னதில்லை.

"தூசி விழுந்துடுச்சா?" என்றாள் சத்தம்.

"உன் வேலையைப் பாரு. போய்க் குண்டை வாங்கு."

மஞ்சள் கப்பல் மார்பைக் காட்டிக்கொண்டு போய் நின்றது. பருந்து சுடவில்லை. சொருகி வைத்ததுபோல அந்தரத்தில் அப்படியே நின்றது.

"பார்த்தியா, கோவிச்சுக்கிட்டான். வேணும்னே சாகிறோம்னு கண்டுபிடிச்சுட்டான்," என்று பூட்டு முடிப்பதற்குள் முதலாளியின் அறைக் கதவு திறந்தது. இரண்டு பேரும் பாய்ந்து திரையை மாற்றினார்கள்.

"ஏசியை யாருய்யா இப்படி வச்சிருக்கிறது? பொணத்தையா வைக்கப் போறீங்க?" என்று கத்திவிட்டு முதலாளி குரலைத் தணித்தார். "ரெண்டு பேரும் உள்ள வாங்க."

மாட்டிக்கொண்டோம் என்று முணுமுணுத்துக்கொண்டே சத்தம் எழுந்தாள். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று பூட்டு ஆபீஸ் முழுவதையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனான்.

முதலாளி உட்காரச் சொல்லவில்லை. "இந்த விளையாட்டை இன்னியோட மூடுன்னு மச்சான் ஒத்தக் கால்ல நிக்கிறான். பாதிப் பங்கு அவனோடது. நான் என்ன சொல்லி அவன் வாயை அடைக்கிறது? நீங்களே சொல்லுங்க."

சத்தம் முதல்முறையாகச் சத்தமாகப் பேசினாள். "மூடாதீங்க சார். பருந்துன்னு ஒருத்தர் ஒரு நாள் தவறாம வர்றாரு. நிஜமான வாடிக்கையாளர் சார். அவரை நடுத்தெருவுல விட்ட மாதிரி ஆயிடும்."

"தங்கமான மனுஷன் சார்," என்றான் பூட்டு. பெற்ற தகப்பனுக்குக்கூட அவன் அப்படிச் சான்று கொடுத்ததில்லை. "அவர் ஒருத்தருக்காகவாவது நடத்தணும். உங்க மச்சான்கிட்ட அவரைப் பத்திச் சொல்லுங்க."

முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"பருந்து நான்தான்யா. எவ்வளவு தோத்தாலும் விடாம வர்றாங்களே, அந்தச் சிவப்பும் மஞ்சளும், அவங்க ரெண்டு பேரை நம்பித்தான்யா நானே மூடாம வச்சிருக்கேன்."